சுவருக்குள் இருந்த மேலாளர்

நல்ல உச்சி வெயில். வங்கிக்குள் நானும் கணக்கர் சபாபதியும் மட்டும்தான் இருந்தோம். வெளியே புழுதிக் காற்று. சீமைக் கருவேலங்காட்டைத் தாண்டி வரும்போது அது ஒரு மாதிரி ஊளையிடும்.

வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். முழங்கால் வரை ஏறிய கரிசல் மண் காலிலேயே காய்ந்து வெடித்திருந்தது. மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து அது எனக்கு மூன்றாவதோ நான்காவதோ நாள். ஆர்வத்தோடு எழுந்து, "வாங்கய்யா, உக்காருங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வழியில் நிற்கும் தூணைச் சுற்றிக்கொண்டு போவதுபோல என் மேசையைச் சுற்றிக்கொண்டு கூடத்தின் கோடிக்குப் போனார். அங்கே சுவரில் ஒரு பழைய ஜன்னல். பலகை வைத்து ஆணி அடித்து அடைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் போய் நின்று கைகட்டிக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"கெணத்துல தூர் எடுக்கணும் தாயி. ஊத்து சுத்தமா நின்னுபோச்சு."

பேசிவிட்டுக் காத்திருந்தார். நான் சபாபதியைப் பார்த்தேன். அவர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"கெணறு எந்தப் பக்கம் இருக்குங்கய்யா?" என்று என் இடத்திலிருந்தே கேட்டேன்.

என் குரல் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தது. யாராக இருந்தாலும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் திரும்பவில்லை. பலகையைப் பார்த்தே பதில் சொன்னார்.

"பனங்காட்டுக்கு மேக்க. உங்களுக்குத் தெரியாததா தாயி? போன தடவை நீங்கதானே இப்ப வேண்டாம்னு சொன்னீக."

நான் அந்த ஊருக்கு வந்தே ஒரு வாரம் ஆகவில்லை.

சிரமம் என்ற சொல்

அந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதில் வருகிற குடும்பத்தார் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற பாதையில், பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடக்க வேண்டிய ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் வீடு அருப்புக்கோட்டையில் நெசவுத் தெருவில். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால் எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்குமே குரல் கொஞ்சம் உரத்திருக்கும். மதுரையில் வங்கி எழுத்தராகச் சேர்ந்தபோது, "மெதுவாப் பேசுங்கம்மா, இது பேங்க்" என்று முதல் நாளே சொன்னார்கள். அந்தக் கதையை இந்தத் தொடரில் சென்ற வாரங்களில் படித்திருப்பீர்கள்.

வங்கிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு ஊர் ஊராகக் கிளைகள் திறந்தார்கள். மேலாளர் வேலைக்கு ஆள் போதவில்லை. அதிகாரிகளுக்கான பரீட்சையை நானும் எழுதித் தேறினேன். நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்:

"ராத்திரியில பெட்டக அறையில சத்தம் கேக்குதுன்னு ஆள் வந்து கதவைத் தட்டுனா என்ன செய்வீங்க?"

"மேலாளர் என்ன செய்வாரோ அதைச் செய்வேன்" என்றேன்.

மூவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை ஏதாவது சாமர்த்தியமாகச் சொன்னால் சிரிப்போமே, அது.

பிறகு ஓர் உத்தரவு வந்தது. சோதனை முறையில் ஒரு வருடம் இந்தக் கிளையை நான் பார்க்க வேண்டும். எனக்கு முன்னால் வந்த மேலாளர்கள் சில மாதங்களிலேயே மாற்றல் கேட்டு ஓடிய கிளை அது. ஊர்க்காரர்கள் உள்ளேயே வருவதில்லை என்றும், மூடிவிடலாமா என்று யோசிப்பதாகவும் மதுரையில் பேசிக்கொண்டார்கள். யாருக்கும் வேண்டாத நாற்காலியாக இருந்ததால்தான் அது எனக்குக் கிடைத்தது.

புறப்படும்போது வட்டார அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்.

"பெட்டக அறைச் சாவி சபாபதிகிட்டயே இருக்கட்டும். அவர் அந்த ஊர்லயே குடியிருக்கார். நீங்க தினம் பஸ்ஸுல வந்து போறவங்க. உங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம்?"

என் உத்தியோக காலம் முழுவதும் எனக்கு மறுக்கப்பட்டவை எல்லாம் என் சிரமத்தைக் குறைப்பதற்காகவே மறுக்கப்பட்டன. அந்த முதல் சிரமத்தை அவர் அன்றைக்குக் குறைத்தார். காலையில் சபாபதி திறப்பார், மாலையில் அவர் பூட்டுவார். தன்னுடைய கிளையின் பெட்டகத்தை இன்னொருவர் திறக்கும்வரை கைகட்டி நிற்கிற மேலாளர் நான்.

எலுமிச்சம்பழம்

அந்தப் பெரியவர் ஒருவர் மட்டும் அப்படிச் செய்திருந்தால் ஏதோ மனக்குழப்பம் என்று விட்டிருப்பேன்.

மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் எம்.ரெட்டியபட்டிப் பக்கத்திலிருந்து பருத்தி போடுகிற குடும்பம் ஒன்று வந்தது. எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டு போய் அந்த ஜன்னல் முன்னால் நின்றார்கள். நான் பின்னாலிருந்து கேள்வி கேட்டேன். அவர்கள் பலகையிடம் பதில் சொன்னார்கள். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று பேசினாலும் கண் மட்டும் பலகையை விட்டு வராது.

சாப்பாட்டு வேளையில் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். ஒரு மனிதனின் முகம் வருகிற உயரத்தில் பழைய ஜன்னல் சட்டத்தின் மரம் கறுத்து வழவழவென்று இருந்தது. எத்தனையோ பேருடைய மூச்சுக்காற்று பட்டுப்பட்டு வந்த கறுப்பு. கீழே விளிம்பில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. காலையில் அது அங்கே இல்லை.

"இது யார் வச்சது சார்?" என்று சபாபதியைக் கேட்டேன்.

"யாராவது வச்சிருப்பாங்க மேடம். கண்டுக்காதீங்க."

"இவங்க யார்கிட்ட பேசுறாங்க?"

அவர் பேனாவை மூடினார். "உங்ககிட்டதான்" என்றார்.

அதற்கு மேல் அன்று அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

பின்னறை

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அறையில் பழைய காகிதங்களைக் கட்டுக்கட்டாகப் போட்டிருந்தோம். அந்தக் கட்டடம் ஒரு பழைய வீடு. முன்கட்டில் வங்கி. பின்கட்டில் முன்பெல்லாம் வங்கியின் ஏஜெண்டு குடியிருப்பாராம். அந்தக் காலத்தில் மேலாளரை ஏஜெண்டு என்றுதான் சொல்வார்கள். நான் போனபோது பின்கட்டு காலியாகக் கிடந்தது. வௌவால் எச்சத்தின் நாற்றம் நடைவரை வரும்.

ஒரு நாள் பழைய கட்டு ஒன்றைத் தேடி அந்த அறைக்குள் போனேன். கதவைத் தள்ளியதும் சுண்ணாம்பும் பழைய விளக்கெண்ணெயும் கலந்த வாசனை வந்தது. கண் இருட்டுக்குப் பழக நேரம் பிடித்தது.

அடைத்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இடுப்பளவு உயரத்தில் ஒரு திண்ணை, அதன்மேல் தாழ்வான ஒரு மணை கிடந்தது. அதற்குப் பின்னால் சுவரில் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை. வருடக்கணக்காக ஒரு தலை சாய்ந்த இடம்.

மணையில் உட்கார்ந்தேன். பலகை இடுக்கு வழியே கூடம் முழுவதும் தெரிந்தது. அந்தக் கோடியில் என் மேசை. காலியான என் நாற்காலி.

அப்போது வாசல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். பேச்சியம்மாள் என்று பெயர். புருஷனை இழந்தவள், மல்லியும் மிளகாயும் போடுகிற கொஞ்சம் நிலம் உண்டு என்பதெல்லாம் பின்னால்தான் தெரியும். நேராக ஜன்னலுக்கு வந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் அவள் முகம். ஒரு சாண் தூரம்கூட இல்லை. அவள் வாயிலிருந்த வெற்றிலை வாசம் எனக்கு அடித்தது.

"மாடு ஒண்ணு செத்துப்போச்சு தாயி" என்றாள். "ஒத்தை மாட்ட வச்சு நான் என்ன உழுக?"

நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். அவள் போகவில்லை. காத்துக்கொண்டே நின்றாள். நேரம் போகப்போக அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

"இன்னொரு மாடு வாங்கினா தீனிக்கு என்ன செய்வ?" என்று கேட்டுவிட்டேன்.

சுவருக்குள்ளிருந்து குரல் வந்தால் யாரும் அலறுவார்கள். பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது.

"வந்துட்டீகளா" என்றாள்.

சபாபதி சொன்னது

அன்றைக்கு அவரை விடவில்லை. கூடம் காலியானதும் என் மேசைக்கு எதிரே உட்காரச் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அரசு எடுத்துக்கொள்வதற்கு முன்னால் அது ஒரு சின்னத் தனியார் வங்கி. தனுஷ்கோடி என்பவர் ஏஜெண்டு. அவர் மனைவி சௌந்தரம். இருவரும் பின்கட்டில் குடியிருந்தார்கள். சபாபதிதான் ஒரே எழுத்தர்.

ஒரு கோடையில் தனுஷ்கோடிக்குப் பக்கவாதம் வந்தது. இடப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணிப் பேச்சு குழறியது. கையெழுத்துப் போட வலக்கை மிஞ்சியது. தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். பிள்ளை குட்டி கிடையாது. வேறு ஆதரவும் இல்லை.

"அந்தம்மா பத்து வரை படிச்சவுக" என்றார் சபாபதி. "ஏஜெண்டு மேசை அப்ப அந்த ஜன்னலை ஒட்டி இருந்துச்சு. அவரைக் குளிப்பாட்டிச் சட்டை போட்டுவிடுவாங்க. நான் கொண்டாந்து நாற்காலியில உக்கார வைப்பேன். உள்ள ஜன்னல் கதவை ஒருக்களிச்சுச் சாத்திக்கிட்டு ஓரமா இவங்க உக்காந்துக்குவாங்க. வர்றவன் ஏஜெண்டு மூஞ்சியைப் பாத்துக் கேப்பான். பதில் பின்னால சுவத்துல இருந்து வரும். கொஞ்ச நாள்ல ஒருத்தனும் ஏஜெண்டு மூஞ்சியைப் பாக்குறதில்ல மேடம். நேரா ஜன்னலைத்தான் பாப்பான்."

"தணிக்கைக்கு யாரும் வரலையா?"

"வருவாங்க. அன்னைக்கு இவர் கழுத்துல துணியைச் சுத்திக்கிட்டுத் தொண்டை கட்டியிருக்குன்னு சைகை காட்டுவார். மத்ததை நான் பேசுவேன். கணக்கு ஒரு நாளும் தப்புனதில்ல. அவங்க எதுக்குத் தோண்டுறாங்க?"

"ஊர்க்காரங்க அந்தம்மாவைப் பாத்ததே இல்லையா?"

சபாபதி ஒரு தடவை அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

"தினம் பாத்தாங்க. ஆனா ஏஜெண்டு சம்சாரம் ஊமைன்னு நெனச்சாங்க. வெளியில ஒரு வார்த்தை பேசுனாலும் குரல் காட்டிக்கொடுத்திரும்னு அந்தம்மா வாயே திறக்கிறதில்ல. பால்காரிகிட்டக்கூடக் கையைக் காட்டித்தான் பேசுவாங்க. அத்தனை வருசமும் அப்படித்தான். ஊமைச்சின்னே பேரு. சுவத்துல பேசுறது வேற யாரோன்னு ஊரு நெனச்சுக்கிச்சு. ஏஜெண்டோட அக்கான்னு சிலர் சொல்வாங்க. சிலர் அப்படியும் சொல்றதில்ல. கும்பிட்டுட்டுப் போவாங்க."

அரசு எடுத்துக்கொண்ட பிறகு வந்த அதிகாரி ஒருவர் வாரக்கணக்கில் தங்கியதில் விஷயம் தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்தது. சத்தம் இல்லாமல் தனுஷ்கோடியை ஓய்வில் அனுப்பினார்கள். ஜன்னலுக்குப் பலகை அடித்தார்கள். சௌந்தரம் என்று ஒரு பெண் அங்கே வேலை பார்த்ததாக எந்தப் பேச்சும் இல்லை.

"சரி, என்னை ஏன் அங்க தேடுறாங்க?"

"பொம்பளை மேனேஜர் வாராங்கன்னு ஊருக்குள்ள சேதி போச்சு. இவங்களுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு பொம்பளை மேனேஜர்தான் மேடம். அந்தம்மா திரும்பி வந்துட்டாகன்னு நெனக்கிறாங்க."

குரல் மாறியது

அதன் பிறகு நான் செய்தது எனக்கே விநோதமாக இருக்கிறது. தினமும் கொஞ்ச நேரம் அந்த அறையில் போய் உட்கார்ந்தேன்.

காரணம் எளிது. சுவருக்குள்ளிருந்து நான் கேட்டால் அவர்கள் உண்மையைச் சொன்னார்கள். நாற்காலியிலிருந்து கேட்டால் தயங்கினார்கள். கிணறு, மாடு, விதை, அண்ணன் தம்பித் தகராறு எல்லாவற்றையும் பலகையிடம் கொட்டினார்கள். நான் வேண்டாம் என்றால் மறுபேச்சு இல்லாமல் போனார்கள். கிளை நிரம்பத் தொடங்கியது. குமாரலிங்கபுரம் பக்கத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மதுரைக்குப் போன அறிக்கைகளைப் பார்த்து அங்கே ஆச்சரியப்பட்டார்கள்.

இதற்கிடையில் என்னிடம் ஏதோ நடந்துகொண்டிருந்தது. முதலில் அதைக் கவனித்தவர் என் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையல்கட்டில் என்னவோ கேட்டேன். அம்மா கரண்டியோடு திரும்பி என்னை உற்றுப் பார்த்தார். "யார் பேசுறதுன்னு பயந்துட்டேன்" என்றார் தெலுங்கில். "உன் குரல் எங்கேடி போச்சு?"

தறிச் சத்தத்துக்கு மேல் பேசுகிற குரல் எனக்கு. அது தணிந்து, ஒரே சீராக, மூச்சோடு சேர்ந்து வருகிற குரலாக மாறியிருந்தது. அதுவரை எனக்குத் தெரியவே இல்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் கண்டக்டர் இரண்டு தடவை குனிந்து கேட்டார். வங்கிக்கு வருகிறவர்கள் வழியில் என்னைத் தாண்டிப் போவார்கள், அடையாளம் தெரியாது. நான் யாரும் அறியாத ஒரு பெண்ணாக அந்த வெயிலில் நடந்து வந்து, சுவருக்குள் போன பிறகுதான் மேலாளர் ஆனேன்.

ஒரு மத்தியானம் களைப்பில் தலையைப் பின்னால் சாய்த்தேன். சாய்த்த பிறகுதான் உணர்ந்தேன். எண்ணெய்க் கறை இருந்த இடத்தில் என் தலை சரியாகப் பொருந்தியிருந்தது. யாரோ பின்னாலிருந்து ஏந்திக்கொண்டதைப் போல இருந்தது. துள்ளி எழுந்து வெளியே வந்தேன். தலையைத் தொட்டுப் பார்த்தால் கை பிசுபிசுத்தது.

அந்த வாரமே வட்டார அதிகாரி ஜீப்பில் வந்தார். கூடம் நிறைந்திருப்பதைப் பார்த்தார். சபாபதி நடப்பதை விளக்கினார். அதிகாரி ஜன்னலையும் அதன் முன்னால் நின்ற கூட்டத்தையும் பார்த்துவிட்டு மகிழ்ச்சியாகத் தலையாட்டினார்.

"பிரமாதம்மா. நீங்க உள்ள இருந்தே பாத்துக்குங்க. முன்னாடி நாற்காலியில சபாபதி உக்காரட்டும். ஊர்க்காரங்களுக்கும் கூச்சம் இல்ல. உங்களுக்கும் சிரமம் இல்ல."

"என் பேர்ப்பலகை மேசையில இருக்கே சார்" என்றேன்.

"அது இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

பந்தல்குடியில்

ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி பஸ் ஏறிப் பந்தல்குடியில் இறங்கினேன். தனுஷ்கோடி இறந்துபோய்விட்டதாகவும், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே புரோட்டாக் கடை போட்டிருக்கிற தம்பியோடு சௌந்தரம் இருப்பதாகவும் சபாபதி சொல்லியிருந்தார்.

கடைக்கு முன்னால் லாரிகள் நின்றன. தம்பி கல்லாவில் இருந்தார். பின்பக்கத்தைக் காட்டினார். புகை படிந்த ஒரு தாழ்வாரத்தில் அந்த அம்மாள் வெங்காயம் உரித்து நறுக்கிக்கொண்டிருந்தார். மெலிந்த சின்ன உருவம். முகத்தில் அம்மைத் தழும்பு. என்னைப் பார்த்ததும் கையால் உட்காரச் சொன்னார். கண்ணால் என்ன வேண்டும் என்று கேட்டார். ஊமை என்றே நானும் நினைத்திருப்பேன்.

நான் எந்தக் கிளையிலிருந்து வருகிறேன் என்று சொன்னேன். கத்தி நின்றது.

"அந்த ஜன்னலை இன்னும் விட்டு வச்சிருக்காங்களா?" என்று கேட்டார்.

சில வாரங்களாக என் வாயிலிருந்து வந்துகொண்டிருந்த அதே குரல்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். பேச்சியம்மாள் பேரைச் சொன்னதும் அவள் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று விசாரித்தார். நான் உள்ளே போய் உட்காருகிறேன் என்று சொன்னபோது மட்டும் முகம் மாறியது.

"நீங்க எதுக்கும்மா அதுல போய் உக்காந்தீக? எனக்கு வேற வழி இல்ல. அவுகளைக் காப்பாத்தணும். உங்களுக்கு என்ன?"

நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினேன்.

அவர் வெங்காயத் தோலைக் கையால் கூட்டி ஒதுக்கினார். "ஒண்ணு கேக்குறேன். அந்தக் கூடத்துக்குள்ள முன்வாசல் வழியா நான் ஒரு நாளும் நுழைஞ்சதில்ல. எல்லாரும் எப்படி உள்ள வருவாகளோ, அப்படி ஒரு தடவை வரணும். விடுவாகளா?"

"மேலாளர் நான்தானேம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் என் பழைய குரலில் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது. கடையிலிருந்து தம்பி எட்டிப் பார்த்தார்.

முன்வாசல்

அடுத்த சந்தை நாள் அவர் வந்தார். கூடம் நிறைய ஆட்கள். எல்லோரும் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். நான் அன்று உள்ளே போகவில்லை. என் நாற்காலியில் இருந்தேன்.

வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வாசற்படியில் ஏறினார். "ஏஜெண்டு சம்சாரம்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். "பாவம், அந்த ஊமைச்சி." வழிவிட்டு ஒதுங்கினார்கள். சபாபதி எழுந்து நின்றுவிட்டார்.

அந்த அம்மாள் கூடத்தின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார். விட்டம், தூண், என் மேசை, கடைசியாக அந்த ஜன்னல். அதை வெளிப்பக்கமிருந்து முதல்முறையாகப் பார்த்தார். பிறகு பேசினார்.

"சங்கையா, உன் கெணத்துல ஊத்து வந்துச்சா?"

கிணற்றுக்குத் தூர் எடுக்க வேண்டும் என்று முதல் வாரம் கேட்ட அந்தப் பெரியவர்தான் சங்கையா. ஜன்னலைப் பார்த்து நின்றவர் அப்படியே விறைத்துப் போனார். குரல் பின்னாலிருந்து வந்தது. பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் மெதுவாகத் திரும்பினார்கள். ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அதன் தாய் வாயைப் பொத்தினாள்.

"ஊமை பேசுது" என்றாள் ஒரு கிழவி.

சங்கையா கிட்டத்தில் வந்து அந்த அம்மாளின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "நீங்கதானா?" என்றார்.

"நாந்தான். வேற யாரும் இல்ல. எப்பவும் இல்ல."

"தினம் எங்க கண்ணு முன்னாலதானே தாயி போய் வந்தீக. ஊமைன்னு கேலிகூடப் பண்ணியிருக்கோமே."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் சௌந்தரம்.

அவர் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "இனி கேக்க வேண்டியதை இவுககிட்ட, இவுக மூஞ்சியைப் பாத்துக் கேளுங்க" என்றார். "அங்க வெறும் பலகைதான் இருக்கு."

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது சபாபதி பெட்டகச் சாவியை என் மேசையில் வைத்திருந்தார். நான் கேட்கவில்லை.

எழுதப்படாத விதி

இப்படி எழுதினால் எல்லாம் சுபமாக முடிந்ததுபோல இருக்கும். அப்படி முடியவில்லை.

ஊரில் பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள். ஏமாற்றப்பட்டதாகச் சிலருக்குக் கோபம். தாங்கள் கும்பிட்டது ஒரு மனுஷியை என்பது சிலருக்குத் தாங்கவில்லை. பேச்சியம்மாள் முதலில் வந்தாள். என் முகத்தைப் பார்த்துப் பேச அவளால் முடியவில்லை. மேசையைப் பார்த்துப் பேசினாள். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மதுரையிலிருந்து அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். சாவியைச் சபாபதியிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். எழுத்தில் கொடுங்கள் சார், உடனே கொடுத்துவிடுகிறேன் என்றேன். அனுப்புவதாகச் சொன்னார். அது வரவே இல்லை. ஏன் வரவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. பெண்ணிடம் சாவி இருக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. எங்கும் எழுதப்படாத ஒன்றை அத்தனை பேரும் அத்தனை ஒழுங்காகப் பின்பற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போது நினைத்தாலும் அடைத்த ஜன்னலைவிட அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

சௌந்தரத்தின் தம்பி ஒரு நாள் வங்கிக்கே வந்தார்.

"செத்துப்போன மனுசனை ஊரே சிரிக்குது" என்றார். "பொண்டாட்டி பேசப் பொம்மை மாதிரி உக்காந்திருந்தான்னு பேசுறாக. எங்க அக்கா ஊமையா இருந்தவரைக்கும் எங்களுக்கு மரியாதையா இருந்துச்சு. இனிமே அவுகளைப் பாக்க வராதீக."

நான் இரண்டு தடவை போனேன். கடையிலேயே திருப்பி அனுப்பினார். உள்ளே வெங்காயம் நறுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஜன்னலை எடுத்துவிட்டுக் கொத்தனாரைக் கொண்டு சுவரைப் பூசினோம். கிளை மெல்ல மெல்ல மறுபடி நிமிர்ந்தது. என்னுடைய ஒரு வருடம் முடிந்தபோது, "திறமையானவர், ஆனால் பிடிவாதக்காரர்" என்று என்னைப் பற்றி எழுதியிருந்ததாகக் கேள்விப்பட்டேன். அடுத்த பதவி உயர்வு சபாபதிக்கு வந்தது. விடைபெறும்போது அவரால் என் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அதற்கடுத்த முறை எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்கு வந்தது. பதவி உயர்வு என்னை இரண்டு தடவை கடந்துபோன பிறகுதான் தூத்துக்குடியில் ஒரு பெரிய கிளைக்கு என்னை மேலாளராகப் போட்டார்கள்.

அந்த வேலையில் சேரப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பந்தல்குடியில் பஸ் நின்றது. மனம் கேட்காமல் கடைப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

கல்லாவில் சௌந்தரம் உட்கார்ந்திருந்தார். தம்பிக்கு உடம்பு முடியாமல் போனதாகவும், கடையை நடத்த வேறு ஆள் இல்லாததால் அக்காள் வந்து உட்கார்ந்ததாகவும் பின்னால் தெரிந்துகொண்டேன். சாலையைப் பார்த்த நாற்காலி. தலைக்கு மேல் திறந்த வானம். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு லாரிக்காரனை அவர் அதட்டினார்.

"ஏப்பா, வண்டியைத் தள்ளி நிறுத்து. கடைக்கு ஆளு வர வேண்டாமா?"

இறங்கிப் போய்ப் பேசலாம் என்று எழுந்தேன். அதற்குள் கண்டக்டர் விசிலடித்துவிட்டார்.

எனக்கு முன் இருக்கையில் திருச்சுழிப் பக்கத்து ஆள் ஒருவர் தூங்கிக்கொண்டு வந்தார். அந்தக் குரல் கேட்டதும் திடுக்கிட்டு விழித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றார். எதற்காக நிற்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. பஸ் ஊரைத் தாண்டிப் போகும்வரை சுற்றுமுற்றும் பார்த்தபடி நின்றுகொண்டே வந்தார்.